அப்பாவின் பெயரிலிருந்து நால்வரின் பெயருக்கு

2024 ஆகஸ்ட் மாதத்தில் அப்பா காலமானார். சேலம் அம்மாபேட்டையில் அவர் 1978ஆம் ஆண்டு கிரயம் வாங்கி, முன்கட்டில் குழித்தறி போட்டு, நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக வேட்டி நெய்த வீடு அவர் ஒருவர் பெயரில்தான் இருந்தது. உயில் எதுவும் எழுதவில்லை. வீட்டு வரி, குடிநீர் இணைப்பு, பட்டா, குடும்ப அட்டை என்று அரசு ஏடுகள் பலவற்றில் இருந்த அந்தப் பெயரை முறைப்படி மாற்றுவதற்கு எனக்கு எட்டு மாதங்கள் ஆயின. செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மண்டியில் கணக்கு எழுதுகிறேன். ஒரு நாள் விடுப்பு என்றால் ஒரு நாள் சம்பளம் போகும். அப்படிப் போன நாட்கள் பதினேழு. விவரம் முன்பே தெரிந்திருந்தால் அவற்றில் ஒன்பது நாட்களாவது போகத் தேவையில்லாதவை. அந்த ஒன்பது நாட்களை இன்னொரு குடும்பத்துக்கு மிச்சப்படுத்த முடியுமா என்ற எண்ணத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதல் தவறு என்னுடையது. அப்பா காலமானது அம்மாபேட்டை வீட்டில் அல்ல. ஏற்காடு மலையில் ஒரு சிற்றூரில் வாழ்க்கைப்பட்டிருக்கும் அக்காவின் வீட்டுக்குப் போயிருந்தவர், இரண்டாம் நாள் விடியற்காலையில் நெஞ்சு வலி என்றார். வண்டி வருவதற்குள் முடிந்துவிட்டது. பக்கத்திலிருந்த மருத்துவர் வந்து பார்த்து உறுதி செய்து எழுதிக் கொடுத்தார். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து உடலைக் கீழே கொண்டுவந்து, உறவினர் கூடிய பிறகு, மாலையில் நகரின் எரிவாயு தகன மேடையில் காரியத்தை முடித்தோம். தகனத்துக்கான ரசீது சேலத்தில் கொடுத்தது. அப்பாவின் ஆதாரில் இருந்த முகவரியும் சேலம். எனவே இறப்புச் சான்றிதழும் சேலம் மாநகராட்சியில்தான் கிடைக்கும் என்று நான் கொஞ்சமும் ஐயமில்லாமல் நம்பினேன். பதினாறாம் நாள் சடங்கு முடியட்டும் என்று காத்திருந்து, பதினேழாம் நாள் காலையில் காகிதங்களை ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு போனேன்.

அங்கே இருந்த பணியாளர் என் காகிதங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு நிமிர்ந்து, “தம்பி, அப்பா எங்கே குடியிருந்தாருன்னு நான் கேட்கலைங்க. எங்கே இறந்தாரு?” என்று கேட்டார். ஏற்காட்டில் என்றேன். “அப்போ அந்தக் கிராமத்து வி.ஏ.ஓ.கிட்டதான் பதிவு. இருபத்தொரு நாள் கணக்கு ஓடிக்கிட்டிருக்கு, நாளைக்கே போயிருங்க” என்றார். ஒரு நிமிடத்தில் அவர் சொன்ன அந்த இரண்டு வாக்கியங்கள்தான் பிறகு வந்த எட்டு மாதங்களுக்கும் எனக்கு வழிகாட்டின. ஒவ்வோர் அலுவலகமும் தனக்கென்று ஒரு கேள்வியை வைத்திருக்கிறது. நாம் வேறொரு கேள்விக்கான பதிலைக் கையில் வைத்துக்கொண்டு போய் நிற்கிறோம். இறப்புப் பதிவு, எங்கே இறந்தார் என்று கேட்கிறது. வாரிசுச் சான்று, எங்கே வாழ்ந்தார் என்று கேட்கிறது. வீட்டு வரியும் பட்டாவும், வீடு எங்கே இருக்கிறது என்று கேட்கின்றன. எங்கள் வீட்டில் இந்த மூன்றுக்கும் ஒரே பதில் இல்லாததால் இது எனக்குத் தெரியவந்தது. மூன்றுக்கும் ஒரே ஊர் பதிலாக இருக்கும் குடும்பங்கள் இதை அறியாமலேயே கடந்துவிடுகின்றன. மகன் வேலை பார்க்கும் ஊரில் மருத்துவமனையில் தாய் இறந்து, சொந்த ஊரில் அடக்கம் நடக்கும் குடும்பங்கள் எங்களைப் போலவே தடுமாறுகின்றன.

1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, இறப்பு நிகழ்ந்த இடத்துக்குரிய பதிவாளரிடம் 21 நாட்களுக்குள் தகவல் கொடுக்க வேண்டும். அதற்குள் கொடுத்தால் கட்டணம் இல்லை. 21 நாள் கடந்து 30 நாளுக்குள் என்றால் தாமதக் கட்டணம் உண்டு. அதற்கும் மேலே ஓராண்டுக்குள் என்றால் உயர் அதிகாரியின் அனுமதி வேண்டும். ஓராண்டும் கடந்துவிட்டால் நிர்வாக நடுவரின் உத்தரவு வரை போக வேண்டும். மருத்துவமனையில் இறந்தால் மருத்துவமனையே தகவல் கொடுத்துவிடும். வீட்டில் இறந்தால் அந்த வீட்டின் தலைவர்தான் தகவல் கொடுக்க வேண்டியவர். அதாவது எங்கள் விஷயத்தில் தகவல் கொடுக்க வேண்டியவன் மகனாகிய நான் அல்லன், அக்காவின் கணவர். பதினெட்டாம் நாள் முதல் பேருந்தில் ஏற்காடு சென்று, மாமாவையும் மருத்துவர் எழுதிய தாளையும் தகன ரசீதையும் கூட்டிக்கொண்டு கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்தோம். படிவம் 2ஐ நிரப்பி மாமா கையெழுத்திட்டார். அடுத்த வாரத்தில் சான்றிதழ் கிடைத்தது.

அந்தப் படிவத்தை நிரப்பிய பத்து நிமிடங்களில் நான் செய்த இன்னொரு தவறு பிறகு பெரிதாக வளர்ந்தது. பெயர் என்ற கட்டத்தில் ஆதார் அட்டையைப் பார்த்து அப்படியே எழுதினேன். ஆதாரில் அப்பாவுக்கு முன்னெழுத்து இரண்டு: ஊரின் எழுத்து ஒன்று, தாத்தாவின் எழுத்து ஒன்று. கிரயப் பத்திரத்தில் முன்னெழுத்து ஒன்றே. பெயருக்குப் பின்னே, அந்தக் காலத்து வழக்கப்படி, தகப்பனார் பெயர் முழுதாக எழுதப்பட்டிருந்தது. வரி ரசீதில் முன்னெழுத்தே இல்லை. குடும்ப அட்டையில் பெயரின் நடுவில் ஓர் ஒற்றெழுத்து கூடுதல். ஒரே மனிதர், நான்கு ஏடுகளில் நான்கு விதமாக இருந்தார். இறப்புப் பதிவில் ஒரு முறை ஏறிய பெயரைத் திருத்துவதற்குச் சட்டத்தில் இடம் உண்டு என்றாலும், ஆதாரம் காட்டித் தனியே மனுப் போட்டுத்தான் பெற வேண்டும். எனவே படிவத்தைத் தொடும் முன்பே வீட்டுப் பத்திரத்தை எடுத்து விரித்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வடிவில் பெயர் இருந்தால், ‘என்கிற’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்து இரண்டையும் எழுத இயலுமா என்று பதிவாளரிடம் அப்போதே கேளுங்கள். நான் கேட்கவில்லை. பிறகு, இந்த நான்கு பெயர்களும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன்னிலையில் அம்மா உறுதிமொழிப் பத்திரம் எழுதித் தர வேண்டியதாயிற்று. அதன் நகலை ஒவ்வோர் அலுவலகத்திலும் கொடுத்தேன்.

வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். அதற்குக் கட்டணம் 60 ரூபாய். விண்ணப்பிப்பவருக்குக் குடிமக்கள் கணக்கு எண் ஒன்று உருவாக்குவார்கள். கைப்பேசிக்கு ரகசிய எண் வரும். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் ஆகியோரின் விசாரணையைத் தாண்டி வட்டாட்சியரிடம் போகிறது. அப்பா நிரந்தரமாகக் குடியிருந்தது அம்மாபேட்டை என்பதால், விண்ணப்பம் இந்த முறை சேலத்துக்கு. ஏற்காட்டில் பெற்ற சான்றிதழை வைத்துக்கொண்டு வாரிசுச் சான்றும் அங்கேதான் கேட்க வேண்டும் என்று மாமா சொன்னார்; முன்னர் கற்ற பாடம் இருந்ததால் அந்த ஒரு நாளை இழக்காமல் தப்பித்தேன்.

விண்ணப்பத்தில் அம்மா, அக்கா, நான் என மூவரின் பெயரைக் கொடுத்திருந்தேன். விசாரணைக்கு வந்த கிராம நிர்வாக அலுவலர் திண்ணையில் உட்கார்ந்து விவரம் எழுதிக்கொண்டிருந்தபோது, உள்ளிருந்து அப்பாயி இருமிய சத்தம் கேட்டது. “உள்ளே யாருங்க?” என்றார். அப்பாவின் தாயார் என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த ஆணின் தாய், மனைவி, மகன், மகள் ஆகியோர் அனைவரும் முதல் வகுப்பு வாரிசுகள். எங்கள் வீட்டில் அப்பாயி, அம்மா, அக்கா, நான் ஆகிய நால்வருக்கும் சமமாகக் கால் கால் பங்கு. தாய் உயிருடன் இருப்பதை மறைத்ததாக ஆகிவிடும், விண்ணப்பத்தைத் திருத்தித் தாருங்கள் என்று அவர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். மறைக்கும் எண்ணம் எங்களுக்கு இல்லை. ஆனால் தொண்ணூறு வயதை நெருங்கும் அப்பாயி, தன் ஒரே மகனைப் பறிகொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த அந்த நாட்களில், அவரும் ஒரு வாரிசு என்பது எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை என்பதை எண்ணும்போது இன்றும் எனக்கு மனம் கனக்கிறது. வாரிசு என்றால் பிள்ளைகள் என்றே நம் பேச்சு பழகிவிட்டது. கணவனை இழந்த மருமகளின் பெயரை எழுதும் கை, மகனை இழந்த மாமியாரின் பெயரை எழுத மறக்கிறது. திருமணமாகிச் சென்ற மகளின் பெயரை விட்டுவிடலாம் என்று எங்களுக்கும் இரண்டு பேர் ஆலோசனை சொன்னார்கள். அது சட்டத்துக்கும் பொருந்தாது, நியாயத்துக்கும் பொருந்தாது. அப்படி வாங்கிய சான்று பின்னால் ரத்தாகவும் கூடும்.

மூன்று வாரத்தில் நால்வர் பெயருடன் வாரிசுச் சான்று வந்தது. இந்த இடத்தில் குடும்பம் உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். வீடு ஒருவர் பெயருக்கே போக வேண்டும் என்றால் மற்றவர்கள் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமோ, எல்லோரும் சேர்ந்து பாகப்பிரிவினைப் பத்திரமோ எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். நெருங்கிய குடும்ப உறுப்பினர்களுக்குள் நடக்கும் இத்தகைய பத்திரங்களுக்கு 1 சதவீத முத்திரைத் தீர்வையும் 1 சதவீதப் பதிவுக் கட்டணமும் உண்டு; 2023 ஜூலை மாதத்திலிருந்து இவற்றின் உச்சவரம்பு முறையே 40,000 ரூபாயும் 10,000 ரூபாயும் ஆக உயர்ந்திருக்கிறது. யார் யாருக்கு இடையில் எழுதினால் குடும்பச் சலுகை பொருந்தும் என்பதில் நுணுக்கம் இருப்பதால், பத்திரம் எழுதுவதற்கு முன்பே பதிவு அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. நாங்கள் பத்திரம் எதுவும் எழுதவில்லை. அப்பாயி இருக்கும் வரைக்கும் வீடு நால்வர் பெயரிலும் கூட்டாக இருக்கட்டும் என்று அம்மா சொன்னார். அக்காவும் நானும் அதையே விரும்பினோம்.

வீட்டு வரிப் பெயர் மாற்றத்துக்கு மண்டல அலுவலகம். சேலம் மாநகராட்சியில் சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி என நான்கு மண்டலங்களும் 60 வார்டுகளும் இருக்கின்றன. வீடு எந்த மண்டலத்தில் இருக்கிறதோ அங்கேதான் விண்ணப்பம். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, கிரயப் பத்திரத்தின் நகல், வில்லங்கச் சான்று, கடைசி வரி ரசீது, மற்ற வாரிசுகளின் சம்மதம் ஆகியவற்றை இணைக்க வேண்டும். வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறையின் இணையதளத்திலேயே 1975ஆம் ஆண்டு முதல் பார்க்க முடிவதால் எங்களுக்கு அதில் சிக்கல் இல்லை. வீட்டு வரி மட்டுமல்லாமல் குடிநீர், பாதாளச் சாக்கடை, குப்பைக் கட்டணம் என்று அந்த வீட்டின் மீது நிற்கும் எல்லாவற்றையும் நடப்பு அரையாண்டு வரை கட்டி முடித்திருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இணைப்பு எண் உண்டு என்பதும், வீட்டு வரியில் பெயர் மாறிவிட்டால் குடிநீரில் தானாக மாறிவிடும் என்று நினைத்து இருந்துவிடக் கூடாது என்பதும் அங்கே தெரிந்துகொண்ட விஷயங்கள்.

இங்கேதான் கதவு எண் பிரச்சினை எழுந்தது. எங்கள் வாசல் நிலையில் மூன்று எண்கள் இருக்கின்றன. மேலே நீலத் தகரத்தில் வெள்ளை எழுத்தில் ஒன்று. அதற்குக் கீழே மரத்திலேயே கறுப்புச் சாயத்தால் எழுதிய ஒன்று. பக்கவாட்டுச் சுவரில் சாய்கோடு போட்டுப் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் சேர்த்து எழுதிய மற்றொன்று. 1978ஆம் ஆண்டுப் பத்திரத்தில் இருக்கும் எண் இவை மூன்றிலும் இல்லை. 1866இல் நகராட்சியாகி, 1917 முதல் 1919 வரை ராஜாஜி தலைவராக இருந்து நடத்திய நகரம் இது. 1994 ஜூன் 1 அன்று மாநகராட்சியாக உயர்ந்தபோது தனி நகராட்சியாக இருந்த சூரமங்கலம் போன்ற பகுதிகளும் உள்ளே வந்தன. எல்லை மாறினால் வார்டு மாறுகிறது, வார்டு மாறினால் கதவு எண் மாறுகிறது, பத்திரம் மட்டும் எழுதிய நாளில் இருந்தபடியே இருக்கிறது. பத்திரத்தில் சொல்லப்பட்ட வீடும் இப்போது வரி கட்டும் வீடும் ஒன்றுதானா என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியில் தவறு ஏதும் இல்லை. அதைக் கேட்காமல் பெயர் மாற்றிக் கொடுப்பதுதான் ஆபத்து.

விடையை அப்பாவே வைத்துவிட்டுப் போயிருந்தார். தறிமேடைக்கு மேலே சுவரில் ஒரு சைக்கிள் கம்பி தொங்கும். அடிப்பக்கம் கொக்கியாக வளைத்து, அடியில் வட்டமான அட்டை ஒன்றைக் கோத்து, அதன்மேல் வரி ரசீதுகளை அவர் குத்திக்கொண்டே வந்திருந்தார். அதை இறக்கி, ஓர் இரவு முழுவதும் அம்மாவும் நானும் பிரித்தோம். மேலே இருந்தவை கணினியில் அச்சான வழுவழுப்பான தாள்கள். கீழே போகப் போக மை மங்கிய கையெழுத்து ரசீதுகள். எல்லாவற்றின் நடுவிலும் கம்பி துளைத்த ஒரே அளவு ஓட்டை, அதைச் சுற்றித் துருவின் சிவப்பு வட்டம். பஞ்சுத் தூசி தாள்களுக்கு இடையில் படிந்து, பிரிக்கும்போது உதிர்ந்தது. அடியிலிருந்து நான்காவதாக இருந்த ரசீதில் பத்திரத்திலுள்ள கதவு எண் இருந்தது. அதற்கு மேலே ஒரு கட்டத்தில், அதே வரி விதிப்பு எண்ணுடன் புதிய கதவு எண். பிறகு 1994க்குப் பின்னால் வரி விதிப்பு எண் மாறிய ரசீதில், பழைய எண் அடைப்புக்குறிக்குள் குறிக்கப்பட்டிருந்தது. ஒன்றோடொன்று கை கோத்து நிற்பதைப் போல அந்த ரசீதுகள் 1978ஐயும் 2024ஐயும் இணைத்துவிட்டன. ஐந்து ரசீதுகளின் நகலை எடுத்து, எதிலிருந்து எது வந்தது என்று ஒரு தாளில் விளக்கி எழுதி இணைத்தேன். மறுபேச்சு இல்லாமல் ஏற்றுக்கொண்டார்கள். குடிநீர் இணைப்புக்கு வைப்புத்தொகை கட்டிய ரசீதும் அதே கம்பியில் கிடைத்தது. பனமரத்துப்பட்டி ஏரித் தண்ணீரைக் குடித்த காலத்தையும் மேட்டூர்க் காவிரித் தண்ணீர் வந்த கதையையும் அம்மா அன்றிரவு சொல்லிக்கொண்டிருந்தார்.

பழைய ரசீதுகளைத் தூக்கிப் போடாதீர்கள் என்று சொல்வது எளிது. எல்லாவற்றையும் யாராலும் வைத்திருக்க முடியாது. கதவு எண்ணோ வரி விதிப்பு எண்ணோ வார்டு எண்ணோ மாறிய அரையாண்டின் ரசீதையும் அதற்கு முந்தைய ரசீதையும் மட்டும் பிரித்து, பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். 2022ஆம் ஆண்டில் தமிழகம் முழுவதும் வீட்டு வரி உயர்ந்தபோது, சேலம் போன்ற நகரங்களில் 600 சதுர அடி வரை 25 சதவீதம், 1,200 வரை 50 சதவீதம், 1,800 வரை 75 சதவீதம், அதற்கு மேல் 100 சதவீதம் என்று கட்டட அளவை வைத்தே உயர்த்தினார்கள். அந்த ஆண்டுக்கு முன்னும் பின்னும் உள்ள ரசீதுகளை ஒப்பிட்டால், உங்கள் வீட்டின் பரப்பளவு ஏட்டில் சரியாக இருக்கிறதா என்பதையும் கண்டுபிடிக்கலாம்.

இந்த எட்டு மாதங்களில் ஒரு மனு எழுபது நாட்கள் அசையாமல் கிடந்தது. எந்த அலுவலகம் என்று இங்கே குறிப்பிட வேண்டியதில்லை. மூன்று முறை நேரில் போனேன். மூன்று முறையும் “மேலே போயிருக்குங்க” என்ற பதில். மேலே என்றால் யாரிடம் என்று கேட்க எனக்கு அப்போது தெரியவில்லை. வெளியே தேநீர்க் கடையில் பழக்கமான ஒருவர், பதினைந்தாயிரம் கொடுத்தால் எல்லாவற்றையும் ஒரு மாதத்தில் முடித்துத் தருவதாகச் சொன்னார். அந்தப் பணம் அப்பாவின் இரண்டு மாத நெசவுக் கூலியைவிட அதிகம். அதைக் கொடுத்து அவர் வீட்டை எங்கள் பெயருக்கு மாற்றுவதில் எனக்குச் சம்மதம் இல்லை, அம்மாவுக்கும் இல்லை.

திங்கட்கிழமை காலையில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்குப் போனேன். பதிவு செய்து எண் கொடுத்தார்கள். என் அருகில் வரிசையில் நின்ற மூதாட்டி ஒருவர், கையில் இருந்த ஒரே மனுவை நகல் எடுக்காமல் கொடுக்கப் போனார். எதிர்க் கடையில் நகல் எடுத்துக் கொடுத்து, வாங்கிய எண்ணை அதன் தலையில் எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னேன். அங்கே கொடுக்கும் மனு, சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கே விசாரணைக்குப் போகிறது. எனவே மனுவில் நம் துயரம் முழுவதையும் எழுதுவதைவிட, எந்த நாளில் எந்த எண்ணில் எந்த அலுவலகத்தில் எதைக் கேட்டோம் என்பதை முதல் மூன்று வரிகளில் எழுதிவிடுவதே பயன் தரும்.

அதோடு நிற்காமல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழும் ஒரு மனு அனுப்பினேன். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் போட்டேன். ஏன் தாமதம் என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் அது தகவல் ஆகாது என்று பதில் வர இடமுண்டு. இன்ன தேதியில் இன்ன எண்ணில் பெற்ற என் மனுவின் மீது நாள்வாரியாக எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ன, இன்று அது எந்தப் பதவியில் உள்ள அலுவலரிடம் இருக்கிறது, கோப்பின் குறிப்புப் பக்கங்களின் நகல் வேண்டும் என்று மூன்று கேள்விகள் மட்டும் எழுதினேன். 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் அடுத்த 30 நாட்களுக்குள் அதே துறையின் மேல் அலுவலரிடம் முதல் மேல்முறையீடு செய்யலாம். தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாலும் அவர்களே ஐந்து நாட்களுக்குள் சரியான இடத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டும் என்ற விதி, என்னைப் போல் மேசை தெரியாதவர்களுக்குப் பெரிய உதவி.

இருபத்திரண்டாம் நாள் பதில் வந்தது. குறிப்புப் பக்கத்தின் நகலைப் படித்தபோது அதிர்ந்து போனேன். என் விண்ணப்பத்தில் ஓர் ஆவணம் தெளிவாக இல்லை, மறுபடி தருக என்று பத்தாம் நாளிலேயே குறித்து, பதிவேட்டில் இருந்த கைப்பேசி எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பியிருந்தார்கள். அந்த எண் அப்பாவுடையது. அந்தக் கைப்பேசியை அவருடைய மூக்குக் கண்ணாடியோடு சேர்த்து ஒரு துண்டில் சுற்றி, அணைத்து, அம்மா அலமாரியில் வைத்திருந்தார். என் எண்ணை விண்ணப்பத்தில் நான் எழுதியிருந்தேன். பழைய பதிவேட்டில் எண்ணை மாற்றச் சொல்லித் தனியாகக் கேட்டிருக்கவில்லை. நேரில் போன மூன்று முறையில் ஒருவராவது கோப்பைத் திறந்து பார்த்துச் சொல்லியிருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு உண்டு. ஆனால் இறந்தவரின் கைப்பேசி எண்ணை உடனே அணைத்துவிடக் கூடாது என்பதை அன்றைக்குக் கற்றுக்கொண்டேன். வரி, மின்கட்டணம், வங்கி, எரிவாயு, ஆதார் எல்லாம் அந்த ஒரே எண்ணில்தான் பேசிக்கொண்டிருக்கின்றன. குறைந்தது ஓராண்டுக்காவது அந்த எண்ணுக்குப் பணம் போட்டு உயிரோடு வைத்து, வாரம் ஒரு முறையாவது திறந்து பாருங்கள். அம்மாவிடம் அதைக் கேட்டு வாங்குவதற்கு எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. திறந்தபோது அந்தக் குறுஞ்செய்தியும், அதற்கு மேலே நூல் கடைக்காரர் அனுப்பிய பொங்கல் வாழ்த்தும் இருந்தன.

கணக்கு எழுதுபவன் என்பதால் செய்த ஒரு காரியம் எனக்குப் பலன் தந்தது. நூறு பக்க நோட்டு ஒன்றில் ஒவ்வோர் அலுவலகத்துக்கும் இரண்டு பக்கம் ஒதுக்கி, போன தேதி, பார்த்தவரின் பதவி, கொடுத்த காகிதம், பெற்ற எண், அடுத்து வரச் சொன்ன நாள் ஆகியவற்றை எழுதி வந்தேன். பதவியைத்தான் எழுதினேன்; அலுவலர்கள் மாறுதலில் போய்விடுவார்கள், மேசை அங்கேயே இருக்கும். மூன்றாம் மாதத்திலிருந்து, நோட்டை விரித்து வைத்துக்கொண்டு பேசும்போது எதிரே இருப்பவர்களும் தேதியைப் பார்த்துப் பதில் சொல்லத் தொடங்கினார்கள். குரலை உயர்த்தத் தேவைப்படவே இல்லை.

2025 பிப்ரவரியில் வீட்டு வரி நால்வர் பெயருக்கு மாறியது. ஏப்ரல் முதல் வாரத்தில் முதல் அரையாண்டு வரியைக் கட்டினேன். அரையாண்டு தொடங்கி 30 நாட்களுக்குள் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சமாக 5,000 ரூபாய் ஊக்கத்தொகை கழித்துக்கொள்ளலாம். எங்களுக்குக் கழிந்தது சிறிய தொகைதான் என்றாலும் அப்பா அதை ஒருபோதும் விட்டதில்லை என்பதால் நானும் விடவில்லை. குடும்ப அட்டையில் பெயர் நீக்கம் இணையத்திலேயே முடிந்தது. வீட்டு வரி ரசீதில் பெயர் வந்துவிட்டால் வீடு நம்முடையதாகிவிட்டது என்று பலர் நிம்மதியாக நிறுத்திக்கொள்கிறார்கள். வரி ரசீது உரிமையை நிலைநாட்டும் ஆவணம் ஆகாது. பத்திரமும் வாரிசு உரிமையும்தான் அடிப்படை, நிலத்துக்கு வருவாய்த்துறையின் ஏடு தனி. எனவே தமிழ்நிலம் இணையதளத்தின் வழியாகப் பட்டா மாறுதலுக்கும் விண்ணப்பித்தேன். நிலத்தைப் பிரிக்காமல் கூட்டாகக் கேட்டதால், உட்பிரிவு அளவைக்குக் காத்திருக்கும் தேவை எழவில்லை.

ஏப்ரல் கடைசியில் கூட்டுப்பட்டா வந்தது. இணையத்தில் திறந்து, தாளில் அச்சிட்டு, அப்பாயியின் கட்டில் அருகே உட்கார்ந்து நான்கு பெயர்களையும் படித்துக் காட்டினேன். தன் பெயர் வந்த இடத்தில் அப்பாயி கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். இன்னொரு முறை படிக்கச் சொன்னார். ‘ளகரம்’ வர வேண்டிய இடத்தில் ‘லகரம்’ இருந்தது. அப்பாயிக்கு எழுத்துத் தெரியாது; நான் படித்த ஓசையிலேயே கண்டுபிடித்துவிட்டார். “எம் பேரு அதில்லையே சாமி” என்றார்.

மறுநாளே திருத்த மனுக் கொடுத்துவிட்டேன். நோட்டில் பட்டாவுக்கு ஒதுக்கிய பக்கம் தீர்ந்துவிட்டதால் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, தேதியையும் மனு எண்ணையும் எழுதியிருக்கிறேன். வரும் செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்கே மின்வாரிய அலுவலகத்துக்கும் போய் மின் இணைப்பின் பெயர் மாற்றத்துக்கான காகிதங்களைக் கொடுத்துவிட்டு வர வேண்டும்.